யோகராஜ் சொன்னதும் நான் சொன்னதும்

நான் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. சென்ற மாதம் பிரியா வாட்ஸ்அப்பில் ஒரு துண்டுப்பிரசுரத்தை அனுப்பினாள். நான் வேலை செய்த மலைநாட்டு அரசாங்க வைத்தியசாலையில் இப்போது சத்திரசிகிச்சை கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளும் தாதி அவள். ஆண்களுக்கு மார்பு பெருப்பதும் அதற்கான சிகிச்சை வழிகளும் என்று சிங்களத்தில் இரண்டு பக்கம். தோட்டத்து ஆட்களுக்கு விளங்குகிற மாதிரித் தமிழில் எழுதித் தரும்படி கேட்டிருந்தாள். ஒரு பின்னேரம் உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். அடுத்த நாள் போன் வந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறதாம், ஒரு இடம் மட்டும் உறுத்துகிறதாம்.

"அண்ணே, 'விதையையும் டொக்டர் தொட்டுப் பார்ப்பார்'னு பச்சையா எழுதியிருக்கீங்க. சுவத்துல ஒட்டப் போறோம். 'ஏனைய உறுப்புகள்'னு மாத்திக்கவா?"

மாற்றக் கூடாது என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அவள் ஏன் கோபப்படுகிறீர்கள் என்று கேட்டாள். போனில் சொல்லக்கூடியதல்ல, எழுதித் தருகிறேன் என்றேன். அதைத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் நான். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்து, கண்டியில் மூன்று வருடம் தாதிப் பயிற்சி முடித்தேன். அங்கே கற்றதில் பிற்காலத்தில் எனக்கு மிகவும் உதவியது சிங்களம்தான். எங்களிடம் வருகிற டொக்டர்களில் அநேகருக்குத் தமிழ் தெரியாது. நோயாளிகளில் அநேகருக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுக்குத்தான் வரும். உடம்பின் உள்ளே நடப்பதைச் சொல்ல அது போதாது. மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு பதவி எங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கவில்லை. நான்தான் இருந்தேன். "தமிழ் நர்ஸைக் கூப்பிடு" என்று வார்டுக்கு வார்டு ஆள் அனுப்புவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

கிளினிக்கில் நான் பதினோரு வருடம் ஒரே சத்திரசிகிச்சை நிபுணரின் கீழ் வேலை செய்தேன். அவரைப் பெரிய டொக்டர் என்றே சொல்கிறேன். உயரமான, சத்தம் போடாத மனிதர். காலை எட்டுக்குச் சரியாக வருவார். மேசையில் இருக்கிற பேனா வளைந்து கிடந்தால்கூட நேராக்கி வைத்துவிட்டுத்தான் உட்காருவார். யார்மீதும் எரிந்து விழமாட்டார். ஆனால் அவர் திருப்பிக் கேட்கும் கேள்விக்கு நாங்கள் எல்லோரும் பயந்தோம். ஒரு முறை ஒரு கிழவர் நீளமாக ஏதோ சொல்ல, நான் சுருக்கி ஒரு வரியில் சிங்களத்தில் சொன்னேன். பெரிய டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். "இவர் ஒரு நிமிடம் பேசினார். நீ எனக்கு மூன்று சொல் தந்தாய். மிச்சத்தை எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். அதன் பிறகு அவர் முன்னால் நான் எதையும் சுருக்கியதில்லை.

மார்பு பெருத்த ஆண்கள் அவருடைய கிளினிக்குக்கு மாதம் ஓரிருவர் வருவார்கள். வேறு இடங்களில் இவர்களைப் பார்த்துச் சிரித்து அனுப்பிவிடுவதுண்டு. அவர் சிரிக்கமாட்டார். முதலில் அறையிலிருக்கும் பெண் ஊழியர்களை வெளியே அனுப்புவார். திரையை அவரே இழுத்து மூடுவார். பிறகு கையைக் கழுவி, வெந்நீர்ப் போத்தலை இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பார். எங்கள் குளிரில் ஐஸ் போன்ற கையோடு ஒருவனைத் தொட்டால் அவன் உடம்பு இறுகிவிடும், இறுகிய உடம்பு எதையும் சொல்லாது என்பார்.

நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்வார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் மார்பின் இரண்டு ஓரங்களில் வைத்து மெதுவாகக் காம்பை நோக்கிக் கொண்டுவருவார். வெறும் கொழுப்பென்றால் விரல்கள் தடையில்லாமல் வந்து சேரும். உண்மையான சுரப்பி வளர்ச்சியென்றால் காம்புக்கு அடியில் ரப்பர் வில்லை மாதிரி ஒன்று தட்டுப்படும். கல்லுப் போல, காம்பிலிருந்து விலகி, ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அவர் முகம் மாறும். ஆண்களுக்கும் மார்பில் புற்றுநோய் வரும், அரிது, ஆனால் வரும். அக்குளைப் பார்ப்பார், கழுத்தைப் பார்ப்பார், ஈரலைப் பார்ப்பார். கடைசியாக விதைகளை, இரண்டையும், ஒவ்வொன்றாக. அங்கே வருகிற சில கட்டிகள் இரத்தத்தில் ஒரு சுரப்பைக் கலக்கும், அதனால் மார்பு பெருக்கும் என்று எனக்கு விளக்கியவர் அவர்தான். "மார்பைத் தொட்டுவிட்டு அங்கே தொடாதவன் வைத்தியம் பார்க்கவில்லை" என்று பயிற்சி டொக்டர்களுக்குச் சொல்வார்.

சிகிச்சையைப் பற்றி அவருக்கு அவசரமே கிடையாது. மீசை அரும்புகிற வயதுப் பிள்ளைகளைத் தகப்பன்மார் கூட்டி வந்தால் ஒன்றும் எழுதித் தரமாட்டார். ஒன்றிரண்டு வருடத்தில் பெரும்பாலும் தானாக வற்றிவிடும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டட்டும் என்று சொல்லச் சொல்வார். வயதானவர்கள் வந்தால் மருந்துப் பையை மேசையில் கொட்டச் சொல்வார். வயிற்று நீருக்கும் இருதயத்துக்கும் கொடுக்கிற ஒரு குளிசையால் மார்பு வீங்கிய ஓய்வுபெற்ற கங்காணி ஒருவருக்கு, குளிசையை மாற்றியதோடு வைத்தியம் முடிந்தது. வீக்கம் புதிதாக, தொட்டால் வலிக்கிறதாக இருந்தால் சிலருக்குச் சில மாதம் மாத்திரை கொடுப்பார். பெண்களின் மார்புப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற அதே மாத்திரை. வருடக் கணக்காகி இறுகிப்போனால் மாத்திரை கேட்காது. அப்போதுதான் கத்தி. அதுவும் காரணம் தேடி முடித்த பிறகு.

அவர் மேற்பயிற்சிக்காக நான்கு மாதம் வெளிநாடு போயிருந்த காலத்தில்தான் யோகராஜ் வந்தான்.

இருபத்தேழு வயது. எங்கள் பக்கம் ஸ்டோர் என்று சொல்லுகிற தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கிற பகுதியில் வேலை. ஐந்து மாதமாக இரண்டு மார்பும் பெருத்து வருகிறது, சட்டை உரசினாலே வலிக்கிறது என்றான். குளிரானாலும் வெயிலானாலும் ஸ்வெட்டர் போட்டிருக்கிறான். தண்ணீர்ப் பீலியில் ஆண்கள் குளிக்கிற நேரத்தில் போவதை நிறுத்தி, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போகிறான். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் யாரோ "யோகராணி" என்று கூப்பிட, களமே சிரித்ததாம். அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். இரண்டு மாதத்தில் கல்யாணம் நிச்சயம் செய்ய இருந்தார்கள். அதற்கு முன் எப்படியாவது வெட்டி எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவன் கேட்டது.

அன்று கிளினிக்கில் இருந்தது நதீஷா மிஸ். படிப்பு முடித்து முதல் வருடப் பயிற்சியில் இருந்த டொக்டர். கெட்டிக்காரி, நோயாளியை மரியாதையோடு தொடுகிறவள். பெரிய டொக்டருக்குப் பதிலாக வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் இரண்டு நாள் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் வந்து போவார். மற்ற நாட்களில் அவள்தான். வெளியே வாங்குகளில் உட்கார இடமில்லாமல் ஆட்கள். அறையில் திரைக்கு இந்தப் பக்கம் இரண்டு பயிற்சித் தாதிப் பெண்கள். அவர்களை வெளியே அனுப்ப எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், தோன்றியது. கிளினிக்கை முடிக்கிற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

அவள் அவன் மார்பைச் சரியாகப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வில்லை இருக்கிறது என்று எழுதினாள். அக்குள், கழுத்து, வயிறு. பிறகு என்னிடம் சிங்களத்தில், கீழே ஏதும் வீக்கம், வலி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள், பார்க்க வேண்டும் என்றும் சொல்லச் சொன்னாள்.

நான் குனிந்து கேட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஒரு பக்கம் கல்லு மாதிரி இருக்குங்க. வலி இல்ல. அத இவங்ககிட்ட சொல்லிறாதீங்க. பொம்பளப் புள்ளைங்க முன்னாடி என்னால முடியாது. ஏற்கனவே சிரிச்சது போதும்."

நான் நிமிர்ந்து, "வென அமாருவக் நே, மிஸ்" என்றேன். வேறு வருத்தம், உபாதை ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். அவன் இடுப்புப் பட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி படுத்திருந்தான். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் எழுதிக்கொண்டாள்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அவன் மானத்தைக் காப்பாற்றினேன் என்று அப்போது நினைத்தேன். அவனும் நானும் ஒரே மாதிரி லயத்தில் பிறந்தவர்கள், இந்தப் படிப்பாளிப் பெண்களுக்கு அது விளங்காது என்றும் ஒரு எண்ணம். வெளியே வந்து அவனிடம், வியாழக்கிழமை ஆண் டொக்டர் வருவார், அன்றைக்கு வா, நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன், கல்லு மாதிரி இருப்பதை விட்டுவைக்கக் கூடாது என்று சொன்னேன். சரிங்க அண்ணே என்றான். வியாழக்கிழமை அவன் வரவில்லை. நான் தேடவுமில்லை.

மூன்று வாரம் கழித்து, நதீஷா மிஸ் எழுதிக் கொடுத்த மார்பு ஸ்கேனோடு வந்தான். வந்து போகிற நிபுணர் பழைய குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். கீழே ஒன்றுமில்லை என்று தெளிவான கையெழுத்தில் எழுதியிருந்தது. அவர் தானும் பார்க்கவில்லை. மாத்திரை கொடுத்தார். ஆறு வாரத்தில் வீக்கம் குறையவில்லை. கல்யாணத் திகதியும் குறித்துவிட்டார்கள். சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்தார். அன்று காலை வார்டில் அவனுக்கு நெஞ்சுமுடி மழித்தது நான்தான். இன்னொரு முறை மெதுவாகக் கேட்டேன். "இப்ப பரவால்லங்க" என்றான். பொய் என்று அவன் கண்ணிலேயே தெரிந்தது. தியேட்டருக்குத் தள்ளுவண்டி வந்துவிட்டது. நானே ஏற்றிவிட்டேன்.

நல்ல ஒப்பரேஷன். காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தின் கீழ் ஓரத்தில் அரைவட்டமாக வெட்டி, உள்ளே இருக்கும் வில்லையைச் சுற்றிலும் பிரித்து எடுத்தார்கள். காம்பு பள்ளமாக விழாமலிருக்க அடியில் ஒரு சிறு துண்டை விட்டார்கள். இரத்தம் தேங்காமல் பக்கத்துக்கு ஒரு குழாய், இரண்டு நாள். மேலே இறுக்கமான கட்டு. வெட்டி எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். புற்றுநோய் இல்லை என்று வந்தது. அந்த அறிக்கையை நான்தான் அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவன் அழுதான். தையல் பிரித்த அன்று ஸ்வெட்டர் இல்லாமல் ஒரு வெள்ளை ஷர்ட் போட்டு வந்து, என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டான். போனேன். பெண் சுமதி, அதே தோட்டம், கொழுந்து எடுக்கிறவள்.

ஐந்து மாதம் கழித்து அவனை வேறு வார்டில் பார்த்தேன். இருமல். ஸ்டோர் தூசி என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்திருக்கிறார்கள். இரத்தம் வந்த பிறகுதான் இங்கே அனுப்பியிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் வட்ட வட்டமாக வெள்ளை உருண்டைகள். பெரிய டொக்டர் திரும்பி வந்திருந்தார். பழைய ஒப்பரேஷன் நோயாளி என்று அவரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அவர் திரையை இழுத்தார், வெந்நீர்ப் போத்தலைப் பிடித்துக் கையைச் சூடாக்கினார், என்னைத் தலைமாட்டில் நிற்கச் சொன்னார். நேராகக் கீழேதான் கை வைத்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. போர்வையை இழுத்து அவனை மூடிவிட்டு, கைகழுவும் இடத்தில் நெடுநேரம் நின்றார்.

அன்று பின்னேரம் நான் அவனுக்கு மருந்து கொடுக்கப் போனபோது, அவன் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, நீங்க அன்னைக்கு யார்கிட்டயும் சொல்லல. அத மறக்க மாட்டேன்."

மருந்துக் கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பெரிய டொக்டர் நதீஷா மிஸ்ஸையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் கிளினிக் குறிப்பு திறந்து கிடந்தது. அவர் முதலில் என்னைத்தான் கேட்டார். நோயாளி தமிழில் என்ன சொன்னான், சொன்னபடி சொல் என்றார். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயத்தோடு அல்ல, நான் சொல்வது எதுவானாலும் அது சரியாக இருக்கும் என்கிற நம்பிக்கையோடு.

ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னான் என்றேன்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். ஒன்றும் இல்லை என்று ஒருவன் சொன்னால் நீ பார்க்க வேண்டியதில்லையா என்று கேட்டார். அவளுக்குச் சத்தமில்லாமல் கண்ணீர் வந்தது. அவளுடைய பயிற்சியை ஆறு மாதம் நீட்டினார்கள். கூடப் படித்தவர்களெல்லாம் வேலை கிடைத்துப் போய்விட, அவள் இன்னொரு முறை அதே வார்டில் மற்றவர்களுக்குக் கீழே நின்றாள். அந்த ஆறு மாதமும் தமிழ் நோயாளி வந்தால் என்னைத்தான் கூப்பிட்டாள். நானும் போய் நின்றேன்.

யோகராஜைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். விதையை எடுத்தார்கள், கடுமையான மருந்து ஏற்றினார்கள். இந்த வகை நோய் மற்றப் புற்றுநோய்களைவிட மருந்துக்கு நன்றாகக் கேட்கும், நேரத்தோடு வந்திருந்தால் என்று அங்கிருந்து வந்த கடிதத்தில் எழுதியிருந்தது. மூளைக்கும் போய்விட்டது. கல்யாணமாகி ஒரு வருடம் ஆக எட்டு நாள் இருக்கும்போது செத்துப்போனான்.

சாவுக்குப் போனேன். சுமதி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "நெஞ்ச வெட்டினதாலயா அண்ணே இப்படி ஆச்சு?" அவளுடைய அண்ணன்மார், மாமனார், லயத்து ஆட்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அதனாலில்லை என்று மட்டும் சொன்னேன். பிறகு எதனால் என்று சொல்லாததால் அவர்கள் நம்பவில்லை. மார்பை வெட்டினால் புற்றுநோய் பரவும் என்று அந்தத் தோட்டத்தில் பேச்சாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் ஓய்வுபெறும் வரையில் அங்கிருந்து ஒரு ஆணும் இந்த வருத்தத்துக்கு எங்கள் கிளினிக்குக்கு வரவில்லை. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு எத்தனை பேர் வீட்டிலிருந்தார்களோ, அவர்களில் யாருக்குக் கீழே கல்லு இருந்ததோ, எனக்குத் தெரியாது.

பெரிய டொக்டர் மாற்றலாகிப் போனார். நான் நல்ல பெயரோடு ஓய்வுபெற்றேன். பிரியாவிடைக் கூட்டத்தில் பேசிய எல்லோரும், தமிழ் மக்களுக்கு நான் குரலாக இருந்ததாகச் சொன்னார்கள். மாலையைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருடம், கொழும்பிலிருக்கும் மகளைப் பார்க்கப் போக நானுஓயா ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நின்றேன். "சுகமா இருக்கீங்களா?" என்று ஒரு பெண் குரல். நதீஷா மிஸ். தலையில் கொஞ்சம் நரை. இப்போது பட்டிப்பொலப் பக்கம் கிராமங்களுக்குப் போகிற நடமாடும் கிளினிக் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறாளாம். அவள் தமிழிலேயே பேசினாள். புத்தகத் தமிழும் எங்கள் தமிழும் வேறு ஊர்த் தமிழும் கலந்து, தயங்காமல். எப்போது படித்தீர்கள் என்று கேட்டேன். பயிற்சியை நீட்டிய அந்த ஆறு மாதத்தில் தொடங்கினேன் என்றாள்.

இருவருக்கும் ஒரே ரயில், அது வர இருபது நிமிடம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யோகராஜ் சொன்ன சொற்களை அப்படியே தமிழில் சொன்னேன். அறையில் பெரிய டொக்டரிடம் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவள் கையிலிருந்த பையின் வாரை ஒரே இடத்தில் தடவிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சொன்னாள்: "நான் அன்னைக்கு அவர்ட கையைப் பார்த்தன். பெல்ட்டை எப்படிப் பிடிச்சிருந்தார் என்டு பார்த்தன். ஏதோ இருக்கு என்டு எனக்குத் தெரியும். நீங்க இல்லை என்டு சொன்னது எனக்கும் லேசாப் போச்சு. அதனால என்னோட தண்டனை சரிதான்."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"சுமதிகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தப் பெயரை நினைவில் வைத்திருந்தாள்.

இல்லை என்றேன்.

"அப்ப என்கிட்ட சொல்லி என்ன?" என்றாள். அதில் கோபம் இல்லை. ரயில் வந்தது, எழுந்து வேறு பெட்டிக்குப் போய் ஏறிக்கொண்டாள்.

சுமதி மறுபடி கல்யாணம் செய்யவில்லை. அதே தோட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறாள். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நான் இன்னும் போகவில்லை.